இடது காலிலிருந்து தொடங்குவோம்



உங்கள் உடற்பயிற்சி மன்றத்தின் அழைப்பிதழில் ‘உடல்வலிமை’ என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். வலிமையைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் இன்று வலிமை இல்லாத இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் உடம்பில் எந்தப் பக்கம் பின்தங்கி நிற்கிறது? எந்தப் பயிற்சி வரும் நாளில் உங்களுக்கு ஜிம்முக்கு வர மனம் வருவதில்லை? எந்த இடத்தை நீங்கள் மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறீர்கள்? அந்த இடத்தைப் பற்றித்தான் பேச்சு.

நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பிள்ளைகளுக்கு நான் பி.டி. சார். காலையில் மைதானத்தில் இறங்கினால் நூறு தண்டால், இருநூறு பஸ்கி. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள். அந்த எண்ணிக்கையில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

என் 47-வது வயதில், ஐப்பசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, பால் வாங்க இறங்கியபோது ஈரப் படியில் இடது கால் வழுக்கியது. எலும்பு முறியவில்லை. வீக்கம் பத்து நாளில் வற்றிவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் இடது முட்டி தன் வழியை மறந்ததுபோல் தடுமாறியது. ஒரு பிசியோதெரபி மருத்துவரிடம் போனேன். என் மகள் வயதுதான் அவருக்கு. “நாற்காலியில் உட்காருங்க சார். கையை மார்பில் கட்டிக்கோங்க. வலது காலால மட்டும் எழுந்திருங்க” என்றார். எழுந்தேன். “இப்போ இடது காலால மட்டும்.”

உடம்பை முன்னால் சாய்த்தேன். குதிகாலைத் தரையில் அழுத்தினேன். பல்லைக் கடித்தேன். இடுப்பு நாற்காலியை விட்டு எழவில்லை. நூறு தண்டால், இருநூறு பஸ்கி எடுத்த உடம்பு அந்த நாற்காலியிலேயே கிடந்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: “விழுந்ததால இப்படி ஆகல சார். இப்படி இருந்ததாலதான் விழுந்திருக்கீங்க.”

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்க விடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நான் பஸ்கி எடுத்திருக்கிறேனே! அந்த இருநூறும் எங்கே போயிற்று?

வலது காலுக்குப் போயிற்று. இதைப் புரிந்துகொள்ள வண்டி மாட்டைப் பாருங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பலர் வண்டி ஓட்டியிருப்பீர்கள். வலத்து மாடு வாட்டசாட்டமாக இருக்கும். இடத்து மாடு சோனியாக இருக்கும். வண்டி ஓடத்தான் செய்யும். பார்க்கிறவனுக்கு இரண்டு மாடும் இழுப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் கழுத்தைத் தடவிப் பார்த்தவனுக்குத் தெரியும், பாரம் எந்தக் கழுத்தில் ஏறுகிறது என்று. இரண்டு காலையும் சேர்த்து நாம் உட்கார்ந்து எழும்போது நடப்பது இதுதான். வலுத்த கால் இளைத்த காலுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. உடம்பு சத்தமில்லாமல் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. எண்ணிக்கை ஏறுகிறது. வலது கால் மேலும் வலுக்கிறது. இடது கால் மேலும் ஒதுங்குகிறது. பயிற்சி செய்யச் செய்ய ஏற்றத்தாழ்வு கூடுகிறது, அதுவும் நம் கண்முன்னாலேயே!

கெட்டிக்கார விவசாயி என்ன செய்வான்? சோனி மாட்டை அவிழ்த்துவிட்டு ஒற்றை மாட்டை வைத்து உழுவானா? மாட்டான். நுகத்தடியில் பிணைப்பைச் சற்றே வலத்து மாட்டின் பக்கம் தள்ளிக் கட்டுவான். சோனி மாட்டுக்கு நுகத்தின் நீளம் கூடும், இழுப்பு எளிதாகும். அதற்குத் தீனியும் கொஞ்சம் கூடுதலாக வைப்பான். அதைத் திட்டமாட்டான், அடிக்கவும் மாட்டான். அதற்கு முடிந்த அளவிலிருந்து தொடங்குவான்.

எனக்கு முடிந்த அளவு ஒரு செங்கல் உயரமாக இருந்தது. மருத்துவர் அப்படித்தான் சொன்னார். ஒரு செங்கல்லைப் படுக்கைவாட்டில் வைத்து, இடது பாதத்தை அதன்மேல் வைத்து, வலது காலால் உந்தாமல் ஏறவேண்டும். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்கவேண்டும். எட்டு முறை. அவ்வளவுதான். மொட்டை மாடியில், விடிவதற்கு முன், இருட்டில் செய்தேன். ஏன் இருட்டில்? பி.டி. சார் ஒரு செங்கல்மேல் ஏற முடியாமல் கால் நடுங்கி நிற்பதை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதே! அந்த வெட்கம் எனக்கு முட்டி வலியைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் மகள் மேலே வந்துவிட்டாள். சிரிக்கவில்லை. தொட்டிச் சுவரில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். “அப்பா, அஞ்சாவது செல்லாது. முட்டி உள்பக்கம் சாயுது.” பார்த்தேன். உண்மைதான். ஏறும் ஒவ்வொரு முறையும் முட்டி நேராக நிற்காமல் மறு காலைத் தேடி உள்ளே போயிற்று. அதுதான் என் பலவீனத்தின் முகம். ஆயிரம் பிள்ளைகளின் முட்டியைப் பார்த்த கண், என் முட்டியை ஒருநாளும் பார்க்கவில்லை. தொடையைவிட இடுப்பின் பக்கவாட்டுத் தசைதான் தூங்கிக் கிடந்தது என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் வாரம் முட்டி நேரானது. ஒன்றரை மாதத்தில் இரண்டு செங்கல். ஐந்தாம் மாதம், அதே நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு இடது காலால் எழுந்தேன். ஒரே ஒரு முறை. நூறு தண்டால் எடுத்த நாளில்கூட எனக்கு அப்படிக் கண் கலங்கியதில்லை.

நண்பர்களே, கால் வலுத்த கதையைச் சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்தச் செங்கல் என் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதுவரை, ஓட முடியாத பிள்ளையைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? “முயற்சி பண்ணமாட்டேங்கிற!” கயிறு ஏற முடியாத பையனைப் பார்த்து? “முயற்சி பண்ணமாட்டேங்கிற!” ஓடுகிறவனை ஓடவிட்டேன். தாண்டுகிறவனைத் தாண்டவிட்டேன். மற்றவர்களுக்கு என்ன வேலை கொடுத்தேன்? ஓடுகிறவனின் சட்டையையும் செருப்பையும் பார்த்துக்கொள்ளும் வேலை. மரத்தடியில் துணி காத்த அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர்களிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு நிறைய இருக்கிறது. செங்கல்மேல் நின்று என் கால் நடுங்கியபோதுதான் தெரிந்தது: முழு மூச்சாக முயன்றாலும் உடம்பு எழாத இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நிற்கிறவனுக்குத் திட்டு வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு செங்கல் உயரம். அதைக் கணித்துக் கொடுப்பதுதான் ஆசிரியன் வேலை.

அதன் பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக் கபடி அணியில் ஒரு பையன் இருந்தான். பாடிப் போனால் ஒருவரையாவது தொடாமல் திரும்பமாட்டான். எல்லாம் வலது கை. எல்லாம் வலப்பக்கத்துப் பாய்ச்சல். வட்ட அளவில் ஜெயித்தோம். மாவட்டப் போட்டிக்குப் போனோம். எதிரணிப் பையன்கள் பத்தே நிமிடத்தில் அவனைப் படித்துவிட்டார்கள். அவன் உள்ளே வரும்போதே அந்தப் பக்க மூலையை இரண்டு பேர் சேர்ந்து அடைத்தார்கள். நான்கு முறை போனான், நான்கு முறையும் பிடிபட்டான். திரும்பி வரும் பேருந்தில் யாரோடும் பேசவில்லை.

மறுவாரம் அவனிடம் சொன்னேன்: “தம்பி, ஒரு மாதம் இடது பக்கம் மட்டும் போ. வலது கையை இடுப்புத் துணியில் செருகிக்கொள்.” முதல் நாள் அவனைப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? ஆறாம் வகுப்புப் பையன்கள்! அணியின் நாயகனை ஆறாம் வகுப்புக்காரன் காலைப் பிடித்து உட்காரவைத்தான். மைதானமே சிரித்தது. அவன் அழுதுகொண்டே வந்து, “சார், எனக்கு இருக்கிறதையும் கெடுக்கிறீங்க” என்றான். ஓராண்டு முன்னால் என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அன்று அவனை அழைத்துப்போய் என் செங்கல் கதையைச் சொன்னேன். சார் மொட்டை மாடியில் இருட்டில் செய்ததையும் சொன்னேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “இப்பவும் இருட்டிலதான் செய்றீங்களா சார்?”

மறுநாள் அந்தச் செங்கல்லை நான் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தேன்.

இனி, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரிடம் போவோம். மீராபாய் சானு. மணிப்பூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீராங்கனை. பளுதூக்குதலில் இரண்டு பகுதி உண்டு என்பது இங்கே பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோவது ஸ்னாட்ச். தோளில் ஒருமுறை நிறுத்தி, அங்கிருந்து மேலே தள்ளுவது கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் தூக்கிய சிறந்த எடையைக் கூட்டுவார்கள். ஒன்றில் மூன்று வாய்ப்பும் தவறினால்? மற்றதில் மலையையே தூக்கியிருந்தாலும் கணக்கில் சேராது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு அதுதான் நடந்தது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றும் தவறின. மொத்த எடை என்ற கட்டத்தில் அவருக்கு எண்ணே இல்லாமல் போயிற்று.

அடுத்து அவர் என்ன செய்தார்? எந்தப் பகுதியில் மூன்றும் தவறினவோ, அதே பகுதியில் 2021 ஏப்ரலில், தாஷ்கண்ட் நகரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில், 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார்! கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான். ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் கைதட்டிச் சொல்வதில்லை. ஸ்னாட்ச்சில் முதல் இரண்டு வாய்ப்பும் தவறி, மூன்றாவதில்தான் 86 கிலோ தூக்கினார். 86-க்கும் 119-க்கும் இடையே 33 கிலோ. பளுதூக்குபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஸ்னாட்ச், மற்றதில் ஐந்தில் நான்கு பங்காவது இருக்கவேண்டும். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியபோது 149, 179. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தில் நான்குக்கு மேலேயே இருக்கும். மீராபாய்க்கு அது எட்டவில்லை. பலவீனம் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

அதைத் தேடித்தான் அவர் தாஷ்கண்டுக்கு முன்பே 2020 இறுதியிலும், மறுபடி ஒலிம்பிக்குக்கு முன்பும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே ஆரன் ஹார்ஷிக் என்ற பிசியோதெரபி மருத்துவர் அவருடைய தோள், முதுகுத் தசைகளின் சமநிலையைச் சீர்செய்தார். யோசித்துப் பாருங்கள். 2017-ல் உலகச் சாம்பியன் ஆனவர். அவர் கடல் கடந்து போனது புதிதாக ஏதாவது தூக்குவதற்கா? வலது தோளும் இடது தோளும் ஒன்றுபோல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு!

டோக்கியோவில் 87 கிலோ ஸ்னாட்ச், 115 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க், மொத்தம் 202. வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கிய சீன வீராங்கனை ஹோவ் ஷிஹுயி எவ்வளவு தூக்கினார்? 94, 116. இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிளீன் அண்ட் ஜெர்க்கில் இருவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கிலோ. ஸ்னாட்ச்சில் ஏழு கிலோ. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த தூரம் ஏறக்குறைய முழுக்க அந்த இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தைச் சீர்செய்யாமல் போயிருந்தால் வெள்ளி கிடைத்திருக்குமா என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

கதை அங்கேயும் முடியவில்லை. 2024-ல் பாரிஸ். ஸ்னாட்ச்சில் 88, அதுவரை அவருடைய மிகச் சிறந்த எடை. ஆனால் மற்றதில் 111-உடன் நின்றது. மொத்தம் 199. வெண்கலம் 200-க்குப் போயிற்று. ஒரு கிலோவில் நான்காம் இடம். தம்பிகளே, பலவீனம் ஒருமுறை அடைத்துவிட்டால் தீர்ந்துபோகும் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அது வயலில் தண்ணீர் போகும் வழி. ஒரு வரப்பைக் கட்டினால் இன்னொரு வரப்பில் கசியும். மண்வெட்டியோடு சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, நம் ஜிம்முக்கு வருவோம். சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியில் என்ன தெரியும்? மார்பு தெரியும், கை தெரியும். முதுகு தெரியாது, தொடையின் பின்பக்கம் தெரியாது. அதனால் திங்கட்கிழமை வந்தால் ஊரே செஸ்ட் அடிக்கிறது. லெக் டே அன்று பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. நம் முன்னோர் கர்லாக்கட்டை சுற்றியபோது இந்தத் தொல்லை குறைவு. கட்டை முதுகுப் பக்கமாகப் போய் வந்தாகவேண்டும். தோளின் பின்புறம், இடுப்பு, பிடி எல்லாம் வேலை செய்தாகவேண்டும். இடது கையால் சுற்றத் தெரியாதவனை வாத்தியார் விடமாட்டார்.

நான் உங்களிடம் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பின்தங்கிய இடத்துக்கு முதல் மரியாதை கொடுங்கள். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தை, சக்தியெல்லாம் தீர்ந்தபின் மிஞ்சும் எச்சத்தை, அதற்குப் போடாதீர்கள். வந்தவுடன், உடம்பு சூடானவுடன், முதல் வேலை அதற்கு. டம்பெல்லை எடுத்தால் இளைத்த கையால் முதலில் தூக்குங்கள். அது எட்டோடு நின்றால் வலுத்த கையும் எட்டோடு நிற்கட்டும். பன்னிரண்டு தூக்க முடிந்தாலும் எட்டு போதும். தம்பி இளைத்திருக்கும்போது அண்ணன் காத்திருப்பதில் ஒரு குறையும் வந்துவிடாது.

முதல் சில வாரங்களில் அளவு நாடா எடுத்துத் தசையை அளக்காதீர்கள். அங்கே ஒன்றும் தெரியாது. தொடக்கத்தில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்பிலிருந்து வருவது. மூளை அந்தத் தசையை எழுப்பக் கற்றுக்கொள்கிறது. 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்த மறு கைக்கும் வலு கூடியிருந்தது! கட்டுப்போட்ட கைக்காரர்களுக்கு, நல்ல கைக்கு வேலை கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. உங்கள் உடம்பில் எதுவும் தனியாக இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வலி வேறு, வலுவின்மை வேறு. தசை நடுங்கினால், எரிந்தால், சோர்ந்தால் பயப்படாதீர்கள். மூட்டுக்குள் குத்தினால், மரத்துப்போனால், இரவில் எழுப்பினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவது வீரம் இல்லை.

எல்லாக் குறையும் பயிற்சியால் தீரும் என்றும் நான் சொல்லமாட்டேன். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அந்தக் காலை எந்தப் பயிற்சியும் பழையபடி ஆக்கிவிடாது. அவர் அந்த உடம்போடுதான் உயரம் தாண்டினார். 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் வெள்ளி. பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். எதை மாற்றலாம், எதை ஏற்றுக்கொண்டு மேலே போகலாம் என்று பிரித்தறிவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். என் இடது கால் மாறக்கூடிய கால். அதை நான் மாறாத கால் என்று எண்ணி 25 ஆண்டு ஒளித்து வைத்திருந்தேன்.

பெரியவர்களே, நீங்கள் இதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம்தான் நான் முக்கியமாகப் பேசவேண்டும். பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2022-ல் அந்த ஆய்வு வெளியானது. நிற்க முடியாதவர்களிடையே, அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. நிற்க முடியாதவர்களில் பலருக்கு வேறு நோய்களும் இருந்தன. ஆனால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த ஒருவரையாவது பார்க்காத வீடு நம் தெருவில் உண்டா? வயதானவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு ஜிம் வேண்டாம், சந்தா வேண்டாம். பல் துலக்கும் நேரம் போதும்.

அதனால் இப்போது எல்லோரும் எழுந்திருங்கள். ஆமாம், மன்றத் தலைவர் அவர்களும். முன்னால் இருக்கும் நாற்காலியின் முதுகில் விரல் நுனி மட்டும் படட்டும். தள்ளாடுகிறவர்கள் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருக்கும் தம்பி அவர்கள் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். நிமிர்ந்து நில்லுங்கள். எதிரே என்னைப் பாருங்கள். ஒரு காலைத் தூக்குங்கள்.

நிறைய பேர் வலது காலை ஊன்றி நிற்கிறீர்கள். எந்தக் காலை ஊன்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, பார்த்தீர்களா?

காலை மாற்றுங்கள். நான் பத்துவரை எண்ணுகிறேன். ஒன்று… இரண்டு…